எம்.ஜி.பி. வைத்தியர்

இங்கிலாந்தின் ஏதாவதொரு கிராமத்தில், ஞாயிற்றுக்கிழமை காலை, பப் வாசலில் பழைய எம்.ஜி.பி. காரின் பானெட்டைத் திறந்து பாருங்கள். கூப்பிடாமலே இவர் வந்து நிற்பார். வயது எழுபதைத் தாண்டியிருக்கும். சட்டைப் பையில் டார்ச், விரல் நகத்தில் போன நூற்றாண்டுக் கிரீஸ்.

"என்ன செய்கிறது?" என்று கேட்பார். சொந்தக்காரர் "வளைவில்..." என்று வாயெடுப்பதற்குள், "டாம்பர்!" என்று முடித்துவிடுவார்.

1962 முதல் 1980 வரை ஆபிங்டனில் பிறந்த எம்.ஜி.பி.க்கள் ஐந்து லட்சத்துக்கு மேல். ஒவ்வோர் ஆண்டு மாடலின் உடம்புவாகும் இவருக்கு மனப்பாடம். "அமெரிக்கக்காரனின் பம்பர் சட்டத்துக்காக 1974-இல் ஒன்றரை அங்குலம் உயர்த்தினார்களே, அன்றைக்குப் பிடித்தது இந்தத் தள்ளாட்டம்" என்பார். அந்த ஒன்றரை அங்குலத்தை இன்னும் அவர் மன்னித்தபாடில்லை.

கைராசி இல்லாதவர் என்று சொல்லிவிட முடியாது. முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுவார். லொடலொடத்தால், பிரேக்கை மிதிக்கச் சொல்வார். ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின். கார் ஒரு பக்கம் இழுக்கிறதா? ஓட்டி வந்த சூட்டோடு முன்சக்கரங்களைத் தொட்டுப் பார்ப்பார். ஒன்று மட்டும் அதிகம் சுட்டால், அங்கே பிரேக் விடாமல் பிடித்திருக்கிறது. எல்லாம் சரியான பரிசோதனைகள்தான். ஆனால் நோய் பிடிபட்டதும் மனிதருக்கு முகம் வாடிவிடும். "அது சரி, இது ஏன் தேய்ந்தது?" என்று அடுத்த நோய்க்குத் தாவிவிடுவார்.

"கார்புரேட்டர் கோளாறில் பாதிக்கு மேல் மின்சாரக் கோளாறு" என்று உபதேசித்தபடியே, ஒழுங்காக ஓடும் இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர்களைத் திருகுவார். பெட்ரோல் அனுப்பும் மின்சாரப் பம்ப் மௌனமானால் மட்டும் விசாரணை கிடையாது. சுத்தியலால் செல்லமாக ஒரு தட்டு.

ஒருநாள், வளைவில் வழுக்கிய கார் ஒன்று வந்தது. டாம்பர், புஷ், ஸ்பிரிங் என்று மருந்துச்சீட்டு நீண்டுகொண்டே போனது. சொந்தக்காரரின் மகள் குனிந்து, டயரின் பக்கவாட்டில் இருந்த நான்கு இலக்கத்தைப் படித்தாள்: 2308. அதாவது, 2008-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்துத் தயாரிப்பு. பட்டன் தேயவில்லை, ரப்பர் இறுகிப்போயிருந்தது.

புது டயர் போட்டதும் வழுக்கல் போயே போய்விட்டது. வைத்தியரும் ஓட்டிப் பார்த்தார். இறங்கி வந்து, சொந்தக்காரரின் தோளில் பரிவோடு கைவைத்துச் சொன்னார்:

"அறிகுறியை மறைத்துவிட்டீர்களே!"