அண்ணாந்து பாக்குற பேராண்டிக்கு

வாடா பேராண்டி, இப்படி உக்காரு. ஆடி மாசத்து மேகமூட்டத்துல வண்டியை முறுக்கிக்கிட்டுப் போடிமெட்டுக்குப் போனியாமே, சரக்கு விமானம் பாக்க? 17 கொண்டை ஊசி வளைவும் ஏறி, 4,000 அடிக்கு மேல போய் நின்னா விமானம் கிட்டக்க வந்துரும்னு கணக்குப் போட்டிருக்க பாரு, அங்கதான் உன் படிப்பு தெரியுது. அது போறது 35,000 அடியில. எம்புட்டுப் பெரிய விமானமும் தலைக்கு நேரா போனாக்கூட நிலாவை விடச் சின்னதாத்தான் தெரியும். நிலா பாக்கப் பெட்ரோல் செலவும் கிடையாது.

ஆசைப்பட்டுட்ட, யோசனை சொல்றேன். பெரிய விமானம் பாக்கணும்னா அதுக்குப் பசிக்கிற ஊர்ல போய் நிக்கணும். 2022 ஜூலையில சென்னை மீனம்பாக்கத்துல பெலூகா எறங்குச்சே, எதுக்குங்கற? எண்ணெய் போட. திமிங்கலம் மாதிரி புடைச்ச மண்டை, 56 மீட்டர் நீளம். ஏர்பஸ்காரன் தன் விமானங்களோட ரெக்கையையும் உடம்பையும் ஒரு ஆலையிலருந்து இன்னொரு ஆலைக்குத் தூக்கிட்டுப் போகச் செஞ்சது. அடுத்தவன் ரெக்கையைச் சுமக்கவே ரெண்டு ரெக்கை! அம்புட்டு உடம்புக்கும் அது சுமக்குறது 40 டன் சொச்சம். நம்ம லாரி ஷெட்டுல சொன்னா நாலு வண்டியில ஏத்திட்டு, டீக்காசையும் சேத்துக் கேப்பான்.

நெசமாவே கனம் தூக்குனது உக்ரைன்காரன் ஆன்டனோவ் 225. ஆறு எஞ்சின், 32 சக்கரம். 2016 மே மாசம் ஹைதராபாத்துல எறங்குச்சு. அதுவும் போற வழியில மூச்சு வாங்கத்தான். வயித்துல 117 டன் ஜெனரேட்டர், செக் நாட்டுலருந்து ஆஸ்திரேலியாவுக்கு. அங்க பெர்த் ஊர்ல பாக்க வந்த கூட்டத்துல ரோடே அடைச்சுக்கிச்சாம். உன்னை மாதிரி ஆளு ஊருக்கு ஊரு இருக்கான், அந்த மட்டுக்கும் ஆறுதல் பட்டுக்க. இனிமே அதைத் தேடாத. ஒண்ணே ஒண்ணுதான் பறந்துச்சு, 2022 சண்டையில அதையும் நொறுக்கிப்புட்டானுக.

நம்ம ஊர்ல சரக்கு பறக்கலைன்னு யார்றா சொன்னது? கொட்டகுடிப் பக்கம் போயிருக்கியா? வெள்ளைக்காரன் காலத்துல மூணாறு தேயிலையைச் சின்ன ரயில்ல டாப் ஸ்டேஷனுக்குக் கொண்டாந்து, அங்கருந்து கம்பிவடத்துல தொங்கவிட்டு, பெட்டி பெட்டியா அந்தரத்துலயே கொட்டகுடிக்கு எறக்குனான். பொறகு மாட்டு வண்டி, போடி. எஞ்சின் இல்லாத பெட்டி, பைலட் இல்லை, பசியும் இல்லை. ரயிலை 1924 வெள்ளம் அடிச்சுட்டுப் போயிருச்சு. அந்தப் பெட்டியையும் எவனாவது வேலையை விட்டுப்புட்டு வாயைப் பொளந்து பாத்துக்கிட்டுத்தான் நின்னிருப்பான். விசாரிச்சா நம்ம வகையறாவாத்தான் இருக்கும்.

இன்னொண்ணு. ஆளு போற விமானத்துலயும் கால்மாட்டுல சரக்குதான் கெடக்கும். நீ 'இது வெறும் பயணிகள் விமானம் தாத்தா'ன்னு மூஞ்சியைத் திருப்பிக்கிறியே, சீட்டுக்குக் கீழ என்ன போகுதுன்னு விமானம் காட்டுற உன் போனு சொல்லுமா?

உன் அப்பன் விடியக்காலம் ஜீப்புல தொத்திக்கிட்டு ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போறான். அஞ்சு கிலோ பச்சைக்காய் எடுத்து ஸ்டோர்ல காய வச்சா ஒரு கிலோ தேறும். மகன் மெட்டுல நின்னு டன் கணக்கு பேசுறான்! கோவிச்சுக்காத, நானும் அண்ணாந்து பாத்தவன்தான். 2019 ஆகஸ்டுல புத்தடி ஏலத்துல காய் கிலோ 7,000 ரூவாய்க்குப் பறந்துச்சு. முந்துன வருசம் வெள்ளத்துல செடி அழுகி, பொறகு வெயில்ல கருகி, பாதிப் பேரு கையில காயே இல்லாதப்ப வந்த வெலை. அன்னைக்கு அந்த உயரத்துல சரக்கு வச்சிருந்த ஆளு எவனையாவது கண்டா எனக்குக் காட்டு. விமானத்தை அப்பறம் பாத்துக்கலாம்.