வந்ததைப் படித்தோம்

எங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்கு எந்தப் புத்தகம் வர வேண்டும் என்று தீர்மானித்தவர்கள் எங்கள் ஊரைப் பார்த்ததே கிடையாது. அதற்காக அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பார்த்திருந்தால் இன்னும் மோசமாகத் தேர்ந்தெடுத்திருப்பார்கள்.

எழுபதுகளின் கடைசி. தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். கடைத்தெருவில் அரிசி மண்டிக்கு மேலே மாடியில் நூலகம். மாவட்ட மைய நூலகத்திலிருந்து எப்போதாவது சாக்குக் கட்டாகப் புத்தகங்கள் வந்து இறங்கும். நூலகர் சார் கட்டைப் பிரித்துப் பதிவேட்டில் ஒவ்வொன்றாக எண் போடுவார். முத்திரை குத்துவது என் வேலை. தலைப்புப் பக்கத்தில் ஒன்று, கடைசிப் பக்கத்தில் ஒன்று, நடுவே ‘ரகசியப் பக்கம்’ என்று அவர் வைத்திருந்த ஒரு பக்கத்தில் இன்னொன்று. முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டுச் சொந்தம் கொண்டாடுகிறவனை அதை வைத்துப் பிடித்துவிடலாமாம். யாரையும் பிடித்ததாக நினைவில்லை. ஆனால் அந்தப் பக்க எண் தெரிந்தவன் என்ற பெருமையில் பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷம் ஓட்டினேன்.

“சார், அடுத்த தடவை தமிழ்வாணன் நிறைய அனுப்பச் சொல்லுங்க சார்.”

“நான் சொல்றதா? தம்பி, பந்தியில உக்காந்திருக்கோம். இலையில விழுறதச் சாப்பிடு.”

இலையில் விழுந்தது விசித்திரமான சாப்பாடு. நாட்டுக்கோழி வளர்ப்பு, திருக்குறளுக்கு மூன்று உரைகள், நாங்கள் கேள்விப்பட்டிராத ஒரு புலவர் தம் மணிவிழாவுக்குத் தாமே எழுதிக்கொண்ட பாமாலை, உரச்சத்துக் கையேடு. இவற்றோடு மாஸ்கோவில் அச்சான கெட்டி அட்டைப் புத்தகங்களும் வரும். டால்ஸ்டாயின் ‘புத்துயிர்ப்பு’ ரா. கிருஷ்ணையா மொழிபெயர்ப்பில், காலிழந்த விமானியைப் பற்றிய ‘உண்மை மனிதனின் கதை’ பூ. சோமசுந்தரம் மொழிபெயர்ப்பில். தமிழ்ச் சிறுவன் எதைப் படிக்க வேண்டும் என்று சோவியத் அரசாங்கம் கவலைப்பட்ட அளவுக்கு என் பெரியப்பா கவலைப்பட்டதில்லை.

டில்லிக்கும் அந்தக் கவலை இருந்தது. நேஷனல் புக் டிரஸ்ட், சாகித்திய அகாதெமி வெளியீடுகள் மங்கிய அட்டையோடு வரிசையாக நிற்கும். ‘நீலகண்டப் பறவையைத் தேடி’, ‘ஆரோக்கிய நிகேதனம்’, ‘அக்னி நதி’. தேதிச் சீட்டில் ஒரு முத்திரைகூட விழுந்திராத அந்தப் புத்தகங்களை நான் எடுத்ததற்கு ரசனை காரணமில்லை. தமிழ்வாணனும் சுஜாதாவும் எப்போதும் வெளியே போயிருப்பார்கள். பஞ்சத்துக்கு எடுத்த வங்காள நாவல் பழகிப்போய், கோயம்புத்தூரைப் பார்ப்பதற்கு முன்பே கிழக்கு வங்கத்தின் ஆறுகளும் சணல் வயல்களும் எனக்குப் பரிச்சயமாகிவிட்டன.

ஊரில் என்ன வேண்டும் என்று துல்லியமாகத் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். பஸ் ஸ்டாண்டு எதிரே வாடகை நூலகம் வைத்திருந்தவர். நாளுக்கு இத்தனை பைசா என்று கணக்கு. மூன்று மாதம் யாரும் தொடாத புத்தகம் நான்காம் மாதம் எடைக்குப் போய்விடும். குழுவும் கிடையாது, ஆணையும் கிடையாது, கல்லாப்பெட்டிதான் தேர்வுக்குழு. அவர் கடையில் ‘ஆரோக்கிய நிகேதனம்’ எழுதிய தாராசங்கர் பானர்ஜி ஒரு நாள்கூடத் தங்கியிருக்க முடியாது. மக்கள் விருப்பத்துக்கு மதிப்புக் கொடுத்த ஒரே நூலகம் அதுதான் என்று இப்போதும் சொல்வேன். வீடியோ கேசட் வந்ததும் அதே மக்கள் விருப்பம் அதை மூடிவிட்டது.

விதிப்படி பார்த்தால் எங்களைக் கேட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்று 1931 இலேயே நூலகங்களுக்கு விதி வகுத்தவர் சீர்காழிக்காரரான எஸ். ஆர். ரங்கநாதன். அவருடைய முயற்சியால் 1948 இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் அதுதான் முதல். வீட்டுவரியோடு நூலக வரியும் சேர்த்து வாங்குகிறார்கள். இன்றைக்கு ரூபாய்க்குப் பத்து பைசா. ஆக, புத்தகத்துக்குப் பணம் எங்களுடையது, தேர்வு மேலிடத்தினுடையது. ரங்கநாதனின் விதி மட்டும் பொய்க்கவில்லை. மணிவிழாப் பாமாலைக்கும் ஒரு வாசகர் கிடைத்தார். ராமபாணப் பூச்சி அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை விடாமல் படித்தது. சென்னை கன்னிமாரா நூலகத்துக்கு இந்தத் தேர்வுத் தலைவலி பாதிதான். 1954 ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் வெளியாகும் எந்தப் புத்தகத்துக்கும் ஒரு பிரதி அங்கே போய்ச் சேர வேண்டும். நல்லது கெட்டது பார்க்கிற பாவம் அங்கே இல்லை.

புத்தகம் எப்படித் தேர்வாகிறது என்பதை மறுபக்கத்திலிருந்து பார்க்கும் பாக்கியம் தொண்ணூறுகளில் வாய்த்தது. சிறுகதைத் தொகுப்புக்கான கையெழுத்துப் பிரதியோடு ஒரு பதிப்பாளரிடம் போனேன். கட்டைக் கையில் வாங்கி எடை பார்ப்பதுபோல ஒரு தடவை தூக்கிப் பார்த்தார்.

“எத்தனை ஃபாரம் சார் வரும்?”

கதைகளைப் பற்றி ஏதாவது கேட்பார் என்று போனவனுக்கு ஃபாரம் என்றால் என்னவென்று அன்றுதான் தெரிந்தது. பதினாறு பக்கம் ஒரு ஃபாரம். நூலகங்களுக்காக அரசு வாங்கும் லைப்ரரி ஆர்டரில் விலையே பக்கக் கணக்கில்தான். கதை நன்றாக இருந்தாலும் அதே ரேட்டு, நாறினாலும் அதே ரேட்டு.

“ஏழரை ஃபாரம் நிக்காது சார். எழுத்தைக் கொஞ்சம் பெருசாக்கி, மார்ஜினைத் தள்ளி, கதைக்குக் கதை ஒரு வெள்ளைப் பக்கம் விட்டா பத்து வந்துரும். நல்லா காத்தோட்டமா இருக்கும்.”

அப்படியே ஆயிற்று. என் கதைகளில் வெளி அதிகம் என்று ஒரு விமர்சகர் பிறகு பாராட்டி எழுதினார்.

அந்த நாள் தமிழ்ப் பதிப்புலகின் பொருளாதாரமே இதுதான். ஆயிரம் அல்லது ஆயிரத்து இருநூறு பிரதி அச்சடிப்பார்கள். ஆர்டர் வந்தால் பெரும்பகுதி நூலகத்துக்குப் போய்விடும்; மிச்சம் நண்பர்களுக்கும் மதிப்புரைக்கும். ஆர்டர் அறுநூறா ஆயிரமா என்பது ஆட்சியைப் பொறுத்தது. வாழ்க்கை வரலாற்று அலமாரியில் எந்தத் தலைவர் கண் மட்டத்தில் நிற்பார், எவர் கீழ்த் தட்டுக்கு இறங்குவார் என்பதும் அப்படித்தான். ஆண்டுக்கணக்காக ஆர்டர் வராத காலமும் உண்டு. அப்போது பதிப்பாளர்கள் மழையைப் பற்றி விவசாயிகள் பேசுவதுபோலவே பேசிக்கொள்வார்கள். யாரும் வாங்காத கவிதைத் தொகுப்பும், யாரும் கேட்காத நல்ல ஆராய்ச்சி நூலும் அச்சேறியதற்கு அந்த ஆர்டர்தான் காரணம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். குப்பையைத் திட்டுகிற நாங்கள் எல்லோரும் அந்தக் குப்பை வண்டியில் தொற்றிக்கொண்டு வந்தவர்கள்தான்.

தொண்ணூறுகளின் கடைசியில் கல்கியின் எழுத்து நாட்டுடைமையானதும் ‘பொன்னியின் செல்வன்’ போடாத பதிப்பகம் இல்லை. எங்கள் நூலகத்திலும் வெவ்வேறு பதிப்பகங்களின் ‘புது வெள்ளம்’ அணிவகுத்து நின்றது. ‘கொலை வாள்’ மட்டும் எந்தப் பதிப்பிலும் இருக்காது. வந்தியத்தேவனை இரண்டாம் பாகத்தில் விட்டுவிட்டு நான்காம் பாகத்தில் சந்தித்த ஒரு தலைமுறையே எங்கள் ஊரில் உண்டு.

இப்போது நூலகத்துக்குச் சொந்தக் கட்டடம், கணினி, கண்காணிப்புக் கேமரா. வாசலில் பளிங்குக் கல்லில் ஆயிரம் ரூபாய் கொடுத்த புரவலர்களின் பெயர்கள். அவர்களில் பாதிப் பேர் உள்ளே வந்ததில்லை. நூலகர் ஓர் இளம்பெண், நூலக அறிவியல் படித்தவர். 2024 இல் வெளிப்படையான நூல் கொள்முதல் கொள்கை என்று அரசு ஒன்றைக் கொண்டுவந்ததையும், பதிப்பாளர்கள் புத்தகங்களை இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்பதையும், வாசகர் விருப்பத்துக்கும் அதில் இடம் உண்டு என்பதையும் பொறுமையாக எனக்கு விளக்கினார். ஆலோசனைப் பதிவேட்டையும் எடுத்துக் காட்டினார். இந்த வயதில் என்னிடம் கேட்கிறார்கள்.

பதிவேட்டைப் புரட்டினேன். குரூப் 4 கைடு. குரூப் 2 கைடு. பழைய சமச்சீர் பாடப் புத்தகம், ஆறாம் வகுப்பு முதல். லட்சுமிகாந்தின் அரசியலமைப்பு, தமிழில். காவலர் தேர்வு மாதிரி வினாத்தாள். ‘இன்னும் இரண்டு பிளக் பாயிண்ட் வேண்டும்’. ‘மேலே உள்ளதை வழிமொழிகிறேன்’.

வாசிப்பறையில் நாற்காலி காலியில்லை. முக்கால்வாசிப் பேர் சொந்தப் புத்தகத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தார்கள். நூலகத்திடம் அவர்கள் வாங்கிக்கொள்வது நாற்காலி, மின்விசிறி, அமைதி. இலக்கியம் செத்துவிட்டது என்று பொருமுகிற நண்பர்கள் எனக்கு நிறைய உண்டு. நான் பொருமவில்லை. வேலைக்கு வழி தேடும் பிள்ளை வேலைக்கான புத்தகத்தைக் கேட்பதில் என்ன தப்பு? அவன் அப்பாவும் ரூபாய்க்குப் பத்து பைசா கட்டுகிறார். என்ன, எழுபதுகளில் எங்களைக் கேட்டிருந்தால் நாங்கள் கேட்டிருக்கக்கூடியது தமிழ்வாணனை மட்டும்தான். ‘ஆரோக்கிய நிகேதனம்’ வேண்டும் என்று கேட்க, அப்படி ஒன்று இருப்பது முதலில் தெரிய வேண்டுமே.

“நீங்களும் எழுதுங்க சார்” என்றார் நூலகர்.

ஒரு வங்காள நாவலின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அடுத்து நின்ற பையனுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். பேனாவை வாங்கி ‘நருட்டோ, எல்லா பாகமும்’ என்று எழுதினான். வாசலில் சைக்கிளோடு நின்ற மூன்று பேரைக் கூப்பிட்டு ஆளுக்கொரு கையெழுத்து வாங்கினான். என் நாவலுக்கு ஒன்று, நருட்டோவுக்கு நான்கு.

“அஞ்சு பேர் கேட்டா மேல அனுப்பிருவாங்களாம், தாத்தா. நீங்களும் ஒண்ணு போடுறீங்களா?”

எல்லா பாகத்துக்கும் சேர்த்து எத்தனை ஃபாரம் வரும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே போட்டேன்.