பின்னால் பிடித்துக்கொள்ள ஒரு கை

கே: எட்டாவது படிக்கும்போது அப்பா இறந்துவிட்டார். மறுவாரமே துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனேன். இப்போது வயது 61. பத்தாவது பாஸ் பண்ண ஆசை. "தாத்தாவுக்கும் ரேங்க் கார்டா?" என்று பேத்தி சிரிக்கிறாள். இந்த வயதில் எழுத விடுவார்களா?
– ராயபுரம் வாசகர்

ப: விடுவார்கள் ஐயா. தனித்தேர்வர்களுக்கு அரசுத் தேர்வுத்துறை கேட்பது குறைந்தபட்ச வயது மட்டுமே: எட்டாம் வகுப்புக்கு 12½, பத்தாம் வகுப்புக்கு 14½. இரண்டிலும் உங்களுக்கு வயது போதும்! மேல்வரம்பு கிடையாது. முதலில் எட்டு, அப்புறம் பத்து. ஆலப்புழை கார்த்தியாயினி அம்மா 2018-ல் கேரள எழுத்தறிவுத் தேர்வில் 98 மதிப்பெண் வாங்கினார். அப்போது அவருக்கு வயது 96. வயதையே இரண்டு மதிப்பெண்ணில் முந்தியவர் அவர். சிரிக்கிற பேத்தியைக் கணக்கு டீச்சராக்கிவிடுங்கள். நீங்கள் தூக்கிய மூட்டையில்தான் அவள் புத்தகப் பையும் இருக்கிறது.

கே: காசிமேட்டில் மீன் விற்கிறேன், வயது 54. ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருந்தே பாதி ஆயுசு போச்சு. ஸ்கூட்டி ஓட்டணும் என்றால், "விழுந்து கையை உடைச்சுக்கப் போற" என்கிறான் மகன்.

ப: அக்கா, 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தது. வயல் வேலைக்கும் கல் குவாரிக்கும் போன பெண்கள் ஆயிரக்கணக்கில் கற்றார்கள். அவர்களும் விழுந்தார்கள், எழுந்து ஓட்டினார்கள். 40 வயதைத் தாண்டியவர்கள் ஓட்டுநர் உரிமத்துக்கு மருத்துவச் சான்று தர வேண்டும், அவ்வளவுதான். உங்கள் வயதில் எடுத்தால் 60 வரை செல்லும், பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். கண்டெய்னர் லாரி ஓடும் சாலையில் மட்டும் பழகாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வருகிறதே, விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த நாட்களில் விடியற்காலை ஏதாவது மைதானத்துக்குப் போங்கள். மகனையும் கூட்டிப்போங்கள். அவன் சைக்கிள் பழகியபோது பின்னால் பிடித்துக்கொண்டு ஓடியது நீங்கள். இப்போது அவன் முறை.

கே: இளவயதில் குத்துச்சண்டை பழகினேன். குடும்பத்துக்காகக் கையுறையைக் கழற்றினேன். 57 வயதில் மறுபடியும் ரிங்கில் ஏற முடியுமா?
– தண்டையார்பேட்டை வாசகர்

ப: உங்களிடம் பொய் சொல்ல மனமில்லை அண்ணே. சர்வதேச அமெச்சூர் போட்டிக்கு 40 வயதுதான் எல்லை. ஆனால் ரிங்குக்கு நான்கு மூலைகள் இருக்கின்றன. வடசென்னையில் சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரைகள் தழைத்தது குத்துவிட்டவர்களால் மட்டுமல்ல, மூலையில் நின்று சொல்லிக்கொடுத்த வாத்தியார்களாலும்தான். தெருப் பிள்ளைகள் நாலு பேருக்குக் கால் வைக்கும் முறையைச் சொல்லிக்கொடுங்கள். சில கனவுகள் வாசல் மாறித்தான் வீட்டுக்குள் வரும்.

கே: "வயசான காலத்துல கோயில் குளம்னு இல்லாம கம்ப்யூட்டர் வகுப்பு எதுக்கு?" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.
– திருவொற்றியூர் வாசகி

ப: அவரையும் அழைத்துக்கொண்டு உங்கள் ஊர்க் கடற்கரையில் இருக்கும் பட்டினத்தார் சமாதிக்கு ஒருமுறை போய் வாருங்கள். கப்பல் வணிகம் செய்து குவித்த செல்வத்தை விட்டுவிட்டு அவர் வேறொரு வாழ்க்கையைத் தொடங்கினார் என்பது வழிவழியாக வரும் வரலாறு. கோயிலுக்குப் போன மாதிரியும் ஆயிற்று, பதில் சொன்ன மாதிரியும் ஆயிற்று.

கே: ஷிப்ட் வேலை. கதை எழுத ஆசை. 49 வயது தாமதமில்லையா?
– எண்ணூர் வாசகர்

ப: கி. ராஜநாராயணன் இடைசெவல் விவசாயி. பள்ளிப் படிப்பை முடிக்காதவர். எழுத ஆரம்பித்தபோதே முப்பதைக் கடந்திருந்தார். புதுச்சேரிப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்தது அறுபதுக்கு மேல். 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்காக 1991-ல் சாகித்ய அகாதமி விருது வந்தது. ஏ ஷிப்ட், பி ஷிப்ட், நைட் ஷிப்ட் எல்லாம் கம்பெனிக்குப் போகட்டும். அரை மணி நேரத்துக்கு 'கதை ஷிப்ட்' ஒன்று போடுங்கள். அந்த நேரத்தில் உங்களைக் கூப்பிடக் கூடாது என்று வீட்டாரிடம் சொல்லிவையுங்கள்.

கே: கணவர் தொழிற்சாலையிலிருந்து ஓய்வுபெற்று டோலக் கற்கிறார். சந்தோஷம். பள்ளியில் தினமும் கடவுள் வாழ்த்துப் பாடியவள் நான். எனக்கும் பாட்டு கற்க ஆசை. அடுப்படிக்கு ஓய்வு வயது எத்தனை?
– வாசகி, விம்கோ நகர்

ப: வந்த கேள்விகளிலேயே கனமானது உங்களுடையது அம்மா. முப்பது வருஷம் அவர் காலை ஷிப்டுக்குப் போனபோது, அதற்கு முன்பே எழுந்து கேரியர் கட்டியது நீங்கள். அவர் தள்ளிப்போட்ட கனவு ஊருக்குத் தெரியும். நீங்கள் தள்ளிப்போட்டது வீட்டுக்கே தெரியவில்லை. இந்தப் பக்கத்தைக் கிழித்து அவருடைய டோலக்மேல் வையுங்கள், மீதியை அவரிடம் நானே சொல்கிறேன்: ஐயா, திங்களும் வியாழனும் மாலைச் சமையல் உங்களுடையது. ரசம் புளித்தாலும் பரவாயில்லை. உங்கள் தாளத்துக்குப் பாட ஆளை வெளியே தேட வேண்டாம். முப்பது வருஷமாக உள்ளேதான் இருக்கிறார்.