கடைசி லோஞ்சை விட்டிடு, தம்பி

தம்பி, அந்தப் பையை முதல்லை இறக்கி வை. அதுக்குள்ளை என்னதான் கிடக்கு? தண்ணி வடிகட்டுற குழாய், மடிக்கிற கதிரை, பறக்கிற கமெரா, வெயிலுக்கு ஒரு கிறீம், வெயில் போனாப் பிறகு பூச இன்னொரு கிறீம். நெடுந்தீவிலை குடியிருக்கவோ வந்தனி? இல்லையாம். காலமை லோஞ்சிலை வந்து பின்னேர லோஞ்சிலை திரும்பிறாராம். சோறு கட்டிக்கொண்டு வந்தனியோ? அது மட்டும் மறந்து போச்சு, என்ன?

ஊர் சுத்திற ஆசை ரத்தத்திலை ஊறினது எண்டு சொல்லுறாய். ஆருக்கு இல்லை எண்டு கேட்கிறன். தீவிலை பிறந்தவனுக்கு உப்புப் புளி வேணுமெண்டாலும் கடல். பெரிய வருத்தமெண்டாலும் கடல். கச்சேரியிலை ஒரு கையெழுத்து வேணுமெண்டாலும் கடல். அதை நாங்கள் அலுவலாப் போறதெண்டு சொல்லிப்போட்டுப் போனம், வந்தம். நீங்கள் அதுக்கு இங்கிலீசிலை ஒரு பேர் வைச்சு, சட்டையிலையும் அச்சடிச்சுப் போட்டுக்கொண்டு திரியிறியள்.

சரி, ஆசை எவ்வளவு எண்டு பாக்க எங்களிட்டை ஒரு சோதினை இருக்கு. சோளகம் பெயர்ந்தாப் பிறகு குறிகட்டுவானிலை லோஞ்ச் ஏறு. ஒரு மணித்தியாலப் பாடுதான். போன வருசம் ஒரு பெடியன் ஏறினவன். லோஞ்சின்ரை முன்னுக்கு நிண்டு கையை விரிச்சுப் படம் எடுத்தான். அரைவாசி வழியிலை பார்த்தால் வெங்காயச் சாக்குக்கு மேலை குப்புறக் கிடக்கிறான். பக்கத்திலை இருந்த ஆச்சி ஒரு தேசிக்காயை நகத்தாலை கீறி அவன்ரை மூக்குக்குக் கிட்டப் பிடிச்சா. "மோனை, உன்ரை காலைப் பாராதை, அங்காலை தூரக் கரையைப் பார்" எண்டு சொன்னா. அவன்ரை பைக்குள்ளை சத்திக்கு நாலு விதமான குளிசை கிடந்ததாம். எந்தப் பொக்கற்றிலை எண்டுதான் அவனுக்குத் தெரியேல்லை.

யாரும் காணாத தீவைக் கண்டுபிடிச்சிட்டம் எண்டு மட்டும் துள்ளாதை. உனக்கு முதலே ஒல்லாந்தன் துள்ளினவன். 1658 இலை யாழ்ப்பாணக் கோட்டையைப் போத்துக்கேயனிட்டை இருந்து பிடிச்சவங்களுக்கு ஊர் நினைப்பு வந்திட்டுது போலை. நெடுந்தீவுக்கு டெல்ஃப்ற், அனலைதீவுக்கு ரொட்டர்டாம், நயினாதீவுக்கு ஹார்லெம், புங்குடுதீவுக்கு மிடில்பேர்க், காரைநகருக்கு அம்ஸ்ரர்டாம் எண்டு பேர் போட்டாங்கள். ஊர்ச்சனத்தை ஒருத்தரும் கேட்கேல்லை. சனமும் அதைக் கணக்கெடுக்கேல்லை. நயினாதீவு நயினாதீவாய்த்தான் கிடக்கு. எங்கடை தீவுக்கு மட்டும் அந்த டெல்ஃப்ற் இன்னும் விட்டுப் போகேல்லை. நீயும் இறங்கின உடனை "இலங்கையின்ரை மாலைதீவு" எண்டு எழுதிப் போட்டாய். ஒல்லாந்தனாவது தான் பிறந்த நாட்டு ஊரின்ரை பேரை வைச்சான். நீ மாலைதீவுக்கு ஒருக்காத்தன்னும் போனனியோ?

மூட்டை கட்டிறதிலையும் நீ முதலாள் இல்லை. 1905 இலை லெனார்ட் வூல்ஃப் எண்டொரு வெள்ளைக்கார இளந்தாரி யாழ்ப்பாணத்துக்கு உத்தியோகத்துக்கு வந்தவன். கூட ஒரு நாய். அதோடை பெட்டி பெட்டியா வோல்ற்றேயர் எழுதின புத்தகம். ஆர் சுமந்திருப்பான் எண்டு நினைக்கிறாய், வோல்ற்றேயரோ?

இப்ப வந்த உடனை ஓட்டோக்காரனைப் பிடிப்பாய். பெருக்கமரம், வளருற கல்லு, ஒல்லாந்தர் கோட்டை, புறாக்கூடு, குதிரை. எல்லாத்துக்கும் சேர்த்து மூண்டு மணித்தியாலம். பெருக்கமரம் ஆபிரிக்காவிலை இருந்து வந்த சாதி. அதின்ரை அடிப்பொந்துக்குள்ளை நுழைஞ்சு ஒரு படம். வெளியிலை வந்து இன்னொரு படம். கோட்டையை ஒல்லாந்தன் கட்டினதெண்டு ஓட்டோக்காரன் சொல்லுவான். இல்லை, வெடியரசன்ரை கோட்டை எண்டு சந்தியிலை நிக்கிற கிழவன் சொல்லுவான். ரண்டு பேரையும் சண்டைக்கு விட்டிட்டு நீ போயிடுவாய்.

குதிரையிட்டை மட்டும் கொஞ்ச நேரம் நில். போத்துக்கேயனும் ஒல்லாந்தனும் வளர்த்த சாதி. அவன் போயிட்டான், அது நிக்குது. கோடையிலை குட்டையள் வத்தினால் அந்தச் சீவனுக்குக் குடிக்கத் தண்ணியில்லை. தண்ணியில்லாமல் செத்ததும் இருக்கு. நீ படம் எடுக்கேக்கை அது தலையை நிமித்தி, காதை முன்னுக்கு விட்டு, உன்னையே பாக்குதெல்லோ? உன்ரை வடிவைப் பாக்குதெண்டோ நினைச்சனி? உன்ரை கையிலை கிடக்கிற போத்தலைப் பாக்குது.

தீவுக்குப் போறவன் முதல்லை என்ன கேட்க வேணும்? நீ கடற்கரை எங்கை எண்டு கேட்டனி. நாலு பக்கமும்தான் ராசா, எந்தப் பக்கம் நடந்தாலும் முட்டும். நல்ல தண்ணிக் கிணறு எங்கை எண்டு கேள். கனக்கக் கிணறு சவர். சாறாப்பிட்டித் தண்ணி வாயிலை வைக்கலாம். ஒரு ஊரிலை தண்ணி எங்கை எண்டு தெரிஞ்சால், ஆர் எங்கை குடியிருந்தவை, ஆரோடை ஆர் கதைக்கிறேல்லை எண்டதெல்லாம் தன்பாட்டிலை தெரியவரும்.

இன்னொண்டு. அந்த முருகைக்கல் வேலியிலை ஏறி நிண்டு படம் எடுக்காதை. சாந்துமில்லை, சீமெந்துமில்லை, கல்லுக்கு மேலை கல்லு அடுக்கினதுதான். இடைவெளியாலை காத்து ஊடறுத்துப் போறதாலை வாடைக்கும் சோளகத்துக்கும் நிண்டு பிடிக்குது. உன்ரை நிறைக்கு நிண்டு பிடிக்குமோ எண்டது எனக்குத் தெரியாது. விழுந்தால் நீ லோஞ்சிலை போயிடுவாய். அடுக்கிறது ஆர்?

நானும் சும்மா இருந்தவனில்லை, கண்டியோ. ஐயா தனுஷ்கோடியாலை இந்தியா போய் வந்தவர். 1964 மார்கழிப் புயலிலை தனுஷ்கோடி அள்ளுப்பட்டுப் போச்சு. அதுக்குப் பிறகு தலைமன்னார்க் கப்பல் இராமேசுவரத்துக்குப் போகத் தொடங்கினது. நான் அதிலை போனனான். அங்காலை றெயில், மதுரை, மெட்ராஸ். கையிலை ஒரு சாறம், ஒரு துவாய், ஒரு சரை புளுக்கொடியல். புளுக்கொடியல் இருந்தால் மெட்ராஸ் மட்டும் பல்லுக்கு வேலை இருக்கும், வாய்க்கு வீண் கதை இராது. எங்கை போறன் எண்டு வீட்டுக்கும் முழுசாச் சொல்லுறேல்லை. நீ வெளிக்கிட முதலே உலகத்துக்கெல்லாம் சொல்லிப்போட்டுத்தான் வெளிக்கிடுறாய். பேந்து போகாமல் விட்டால் வெக்கக்கேடெல்லோ?

கச்சதீவுக்கும் போய்ப் பார். ஆளுமில்லை, குடிதண்ணியுமில்லை. அந்தோனியார் திருநாளுக்குத்தான் சனம். அங்காலை இராமேசுவரத்தார், இஞ்சாலை நாங்கள். அவை சேலை கொண்டு வருவினம், எங்களிட்டைச் சவுக்காரம் இருக்கும். செபமும் நடக்கும், மாத்துச் சாமானும் நடக்கும். இந்தியாவிலை இருந்து வாறவைக்குப் பாஸ்போட்டும் விசாவும் தேவையில்லை எண்டு 1974 ஒப்பந்தத்திலையே எழுதிக் கிடக்கு. பெரிய பெரிய ஆக்கள் மேசையிலை இருந்து யோசிச்ச ஒரு நல்ல காரியம்.

ஆனால் ஒண்டு. குமுதினிப் படகைப் பற்றி என்னோடை பகிடி விடாதை. 1985 வைகாசி 15, இஞ்சையிருந்து குறிகட்டுவானுக்குப் போன சனத்தை நடுக்கடலிலை மறிச்சு வெட்டினவங்கள். முப்பதுக்கு மேலை. அதுக்குள்ளை கைக்குழந்தையும். பிறகு அதே படகைத் திருத்தி ஓட விட்டினம். நாங்கள் அதிலைதான் ஏறினம். ஏறாமல் என்ன செய்யிறது? உன்ரை புத்தகத்திலை இந்தக் கடலைச் சாகசப் பயணம் எண்டு எழுத வெளிக்கிட்டால், அந்தச் சொல்லை ஒருக்கா வெட்டிப்போடு.

சரி, வந்தது வந்தாய். ஒரு யோசினை சொல்லுறன். கடைசி லோஞ்சை விட்டிடு. முழிக்காதை, புலி ஒண்டும் இல்லை இஞ்சை. அந்த லோஞ்ச் மாவிலித்துறையை விட்டுப் போனாப் பிறகுதான் இது ஊர். அதுமட்டும் எல்லாரும் உனக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தவை. இனித்தான் தங்கடை கதை கதைப்பினம். "ஆற்றை மோன் நீ?" எண்டு கேட்பினம். உன்னை எத்தினை பேர் பின்தொடருகினம் எண்டு சொன்னால், "ஏன், என்ன களவெடுத்தனி?" எண்டு கேட்பினம்.

பொழுதுபட ஆரும் ஒடியற்கூழ் காய்ச்சுவினம். பிளாவிலை ஊத்தித் தந்தால் வாங்கிக் குடி. உள்ளுக்கை நண்டுக்கால், மீன்தலை, பயித்தங்காய், மரவள்ளி, பிலாக்கொட்டை எல்லாம் கிடக்கும். கிண்டிக் கிண்டிப் பாராதை, படம் எடுத்து முடிய ஆறிப்போம். ஆறின கூழைக் குடிக்கிறவனை இந்த ஊரிலை ஆரும் மதிக்கிறேல்லை. பிறகு பாய் தருவினம். நுளம்பு கடிக்கும். உன்ரை பையிலை அதுக்கு மட்டும் மருந்தில்லை, நான் பார்த்திட்டன்.

இப்ப நீ எனக்கு ஒரு உதவி செய்ய வேணும். நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் 2023 ஐப்பசியிலை திரும்பக் கப்பல் விட்டவங்கள். நாலு மணித்தியாலப் பாடாம். பொதிக்கு நிறைக் கட்டுப்பாடு இருக்காம். இருக்கட்டும், அது உன்னைப் போலை ஆக்களுக்கு. மோன் கனடாவிலை இருந்து போனிலை கத்திறான், "இந்த வயசிலை ஏனப்பா?" எண்டு. இவவும் ஒத்துக்கொள்ள மாட்டா. விசாப் படிவம் உந்தப் போனிலேயே நிரப்பலாமாமே? மெல்லமாக் கதை, அவ அடுப்படியிலை நிக்கிறா. பேரைப் போட்டாச்சோ? பிறந்த திகதியைப் பாஸ்போட்டிலை உள்ளபடி போடு. அதிலேயே அஞ்சு வயசு குறைச்சுத்தான் கிடக்கு.