தம்பதிப் பிரயாண சாஸ்திரம்: குரோவேஷியக் கடற்கரைக் காண்டம்

கணவனும் மனைவியுமாகத் தூரதேசத்துக் கடற்கரை ஒன்றின் ஓரமாக மோட்டார் வண்டியில் சென்று வந்த அனுபவத்தை நூலாக எழுதியோர் பலர் உளர். ஆனால் அங்ஙனம் செல்வதற்கு முன்னால், வீட்டு மேஜையின் மேல் தேசப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு அவ்விருவரும் இரவு தோறும் நடத்துகிற நெடிய சம்பாஷணையை ஒரு தனிச் சாஸ்திரமாகப் பாவித்து, அதற்கு இலக்கணம் வகுத்து, பூர்வபட்சம் கூறி மறுத்து, சித்தாந்தம் நிறுவியவர் எவரையும் நான் கண்டதில்லை. பிரயாணமோ பத்துப் பன்னிரண்டு நாளில் முடிந்துவிடுகிறது. திட்டமிடல் மாதக்கணக்கில் நடக்கிறது. காலத்தால் நெடியதும் செலவால் சிறியதும் விவாதத்தால் செழித்ததுமாகிய இந்தப் பூர்வாங்கப் பகுதியை அறிஞர் உலகம் இதுகாறும் புறக்கணித்து வந்திருப்பது நியாயமன்று.

ஆராய்ச்சிக்கு உரிய களமாகக் குரோவேஷிய தேசத்தை எடுத்துக்கொள்கிறேன். ஆட்ரியாடிக் கடலின் கீழ்க்கரையில் பிறைபோல் வளைந்து கிடக்கும் அந்நாட்டின் பெருநிலக் கரை மட்டும் 1,777 கிலோமீட்டர் என்று பாடநூல்கள் சொல்லும். தீவுகளின் கரைகளையும் கூட்டினால் 5,800 கிலோமீட்டரைத் தாண்டும். தீவு, திட்டு, பாறை எல்லாம் சேர்த்து ஆயிரத்துக்கு மேல். அவற்றுள் மக்கள் நிலையாகக் குடியிருப்பவை ஐம்பதை ஒட்டியவை. ஒரே தம்பதிக்குள் இரண்டு அபிப்பிராயங்கள் தோன்றுவதற்கு இயற்கையே இத்தனை வசதி செய்து வைத்திருக்கும் நாடு ஐரோப்பாவில் அரிது.

தமிழ் மரபுப்படி முதற்கண் திணை துணிதல் வேண்டும். கடலும் கடல் சார்ந்த இடமும் ஆதலின் நிலம் நெய்தல் என்பதில் ஐயமில்லை; நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல். ஆயினும் மேஜையருகே நிகழ்வதை உற்றுநோக்குமிடத்து, அங்கே இரங்கலைக் காணோம், காணப்படுவது ஊடல். ஊடல் மருதத்துக்கு உரியது. வயலும் இல்லை, பொய்கையும் இல்லை, புறத்தொழுக்கமும் இல்லை. ‘ஸ்ப்ளிட்டில் இரண்டு இரவா, மூன்று இரவா?’ என்ற ஒற்றை வினாவைப் பற்றிக்கொண்டே மருதத்தின் உரிப்பொருள் முழுவதும் நெய்தலுக்குக் குடிபெயர்ந்து விடுகிறது. இதனைத் திணை மயக்கம் என்று அமைத்துக்கொள்வதே முறை. மருதத்தில் தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே வாயிலாக நின்று சமாதானம் பேசிய பாணனும் விறலியும் இருந்த இடத்தில், இப்போது கைப்பேசியில் வழி சொல்லும் பெண்குரல் இருக்கிறது. அவ்வாயில் சமாதானம் செய்வதாகத் தெரியவில்லை. கருப்பொருள்களுள் சுறாவும் திமிலும் போய்ச் சூட்கேஸும் வெயில் களிம்பும் வந்துவிட்டன. உப்பு ஒன்றுதான் மாறாதது: பெல்யெஷாட்ஸ் தீபகற்பத்தின் கழுத்தில் இருக்கும் ஸ்தோன் என்னும் சிற்றூரில் இடைக்காலத்து உப்பளங்களில் இன்றைக்கும் உப்பு எடுக்கிறார்கள், அவ்வுப்பைக் காப்பதற்கென்றே ரகூஸாக் (இன்றைய டுப்ரோவ்னிக்) குடியரசு பதினான்காம் நூற்றாண்டில் தொடங்கிக் கட்டிய மதிலில் சுமார் ஐந்தரைக் கிலோமீட்டர் இன்னும் நிற்கிறது.

திட்டமிடுவோர் அனைவரும் இரண்டு சம்பிரதாயங்களுள் அடங்குவர். காணத்தக்க ஊர்களை எல்லாம் ஒன்றுவிடாமல் கோத்துக்கொண்டே போக வேண்டும் என்போர் தொகையினர். ஓரிடத்தில் வேரூன்றி உட்கார்ந்து, காலையில் காப்பியும் மாலையில் கடலுமாகக் கழிக்க வேண்டும் என்போர் இருப்பினர். இவ்விரு சம்பிரதாயங்களின் மூலபுருஷர்களுக்கும் இதே கரையில் பாத்தியதை உண்டு என்பது வியக்கத்தக்கது. இருப்பினரின் ஆதிகுரு ரோமச் சக்கரவர்த்தி டயோக்ளீஷியன். கி.பி. 305ஆம் ஆண்டில் தாமாகவே முடிதுறந்து, இன்று ஸ்ப்ளிட் நகரின் நடுவயிறாக விளங்கும் மாளிகையில் வந்து அமர்ந்த அவரை, மறுபடியும் அரியணை ஏற வருமாறு சிலர் வேண்டினர் என்றும், தாம் கையால் பயிரிட்ட முட்டைக்கோஸைப் பார்த்தால் அப்படிக் கேட்கமாட்டீர்கள் என்று அவர் மறுத்துவிட்டார் என்றும் ஒரு கதை உண்டு. சாம்ராஜ்யத்துக்கே அசையாதவர், ‘நாளைக்குப் பிளித்விட்சே ஏரிகளுக்குப் போகலாமா?’ என்று கேட்டால் அசைவாரா? தொகையினரின் ஆதிகுரு மார்க்கோ போலோ. அவர் கோர்ச்சுலாத் தீவில் பிறந்தவர் என்று அத்தீவினர் சாதித்து, ஒரு வீட்டையும் காட்டுகின்றனர். வெனிஸ் நகரத்தார் அதை ஒப்புவதில்லை. ஆதாரமும் வலுவாக இல்லை. எங்கே பிறந்தவராயினும், பாண்டிய நாட்டுக் காயல் துறைமுகம் வரை வந்து குதிரை வியாபாரத்தைக் குறித்து எழுதிவைத்துப் போன மனிதர், ஒரு ஊரில் மூன்று இரவு என்ற பேச்சுக்கு எப்படி இசைந்திருப்பார்?

இருப்பினருக்கு இருப்பினர் வாழ்க்கைப்படுவதில்லை. தொகையினர் தொகையினரை மணப்பதும் அபூர்வம். இதற்குக் காரணம் கூறுவது இந்த ஆராய்ச்சியின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

இனி, தூரம் பற்றிய அளவையியல். ரியேகாவிலிருந்து தெற்கே மாண்டெநீக்ரோ எல்லை வரை ஓடும் ஆட்ரியாடிக் நெடுஞ்சாலை சுமார் 640 கிலோமீட்டர், 1965இல் நிறைவுற்றது. ஒருபுறம் வெண்சுண்ணாம்பு மலை செங்குத்தாக நிற்க, மறுபுறம் கடல் கீழே பளபளக்க, மலையின் ஒவ்வொரு மடிப்பையும் விசாரித்துக்கொண்டே அச்சாலை போகிறது. ஊர்களுக்குள் மணிக்கு 50, வெளியே 90 என்பது பொது வேக வரம்பு. அந்த 90 ஒரு லட்சிய நிலையே அன்றி அனுபவ நிலையன்று. ஸ்ப்ளிட்டிலிருந்து டுப்ரோவ்னிக் ஏறத்தாழ 230 கிலோமீட்டர். கணக்கில் வல்ல தொகையினர் இதற்கு மூன்றரை மணி நேரம் என்று எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டுவிடுவர். அக்கணக்கில் நெரெத்வா ஆற்று முகத்துவாரம் சேர்ந்திருப்பதில்லை. அங்கே சாலையோரத்தில் வரிசையாகக் கடை போட்டிருப்பார்கள்; பலகையின் மேல் பருவத்துக்கேற்ப மாண்டரின் ஆரஞ்சும் காய்ந்த அத்தியும் குவிந்திருக்க, தேன், ஆலிவ் எண்ணெய், வீட்டில் வடித்த மதுவகை எல்லாம் பழைய போத்தல்களில் வெயிலை வாங்கிக்கொண்டு நிற்கும். விற்பவர் ஒரு பழத்தைப் பிளந்து நீட்டுவார். ஒன்றைத் தின்றபின் வாங்காமல் திரும்புவது நாகரிகமன்று என்று ஒருவர் கருத, மற்றவர் வண்டியின் இயந்திரத்தை நிறுத்தாமல் உட்கார்ந்திருப்பார். அந்த இயந்திரத்தின் உறுமலை எந்தக் காலக்கணக்கில் சேர்ப்பது என்பதற்கு விதி இல்லை. வரைபடம் சொன்ன நேரத்தில் பாதியைக் கூட்டிக்கொள்க என்பதே எனது சூத்திரம்.

தீவுப் பிரயாணத்துக்குத் தனி அதிகாரம் எழுத வேண்டும். இங்கே குறிப்பு மட்டும். ஸ்ப்ளிட்டிலிருந்து பிராச் தீவின் சுபேதார் துறைக்கு வண்டி ஏற்றும் பெரும்படகு சுமார் ஐம்பது நிமிஷத்தில் போய்விடும். ஹ்வார் தீவின் ஸ்தாரி கிராதுக்கு ஏறக்குறைய இரண்டு மணி. விரைவுப்படகுகள் ஆட்களை மட்டுமே ஏற்றுவன, வண்டிகளை அல்ல என்னும் உண்மையை, வாடகை வண்டியைத் துறைமுகத்துக்கு ஓட்டி வந்த பிறகு கண்டுபிடிப்போர் உண்டு. கோடையில் சீட்டு கையில் இருந்தாலும் வரிசையில் முன்கூட்டி வந்து நின்றவருக்கே இடம். ஆகவே காலையில் யார் தாமதமாகக் குளித்தார் என்ற ஆராய்ச்சி அந்த வரிசையில் மிக நுணுக்கமாக நடைபெறும். ஒரு பிரயாணத்துக்கு ஒரு தீவு போதும் என்பது என் துணிபு. இரண்டாவது தீவு முதல் தீவைப் போலவே இருக்கிறது என்பதைக் கண்டறிவதற்காக ஒரு பகற்பொழுது செலவாகிறது.

திட்டமிடலையே வெறுக்கும் இருப்பினருக்கு ஒரு எச்சரிக்கை: அந்நாட்டில் சும்மா இருப்பதற்கும் முன்னேற்பாடு தேவை. அதன் கரைப்பகுதியாகிய டால்மேஷியாவின் புகழ்பெற்ற பேக்கா என்னும் சமையலையே எடுத்துக்கொள்க. ஆட்டிறைச்சியோ கணவாய் இனத்து எட்டுக்கால் ஜீவனோ, உருளைக்கிழங்குடன் தாழ்ந்த தட்டில் பரப்பி, மணிபோல் கவிந்த இரும்பு மூடியால் மூடி, மூடியின் தலைமேலேயே தணலை வாரிக் கொட்டிவிடுவார்கள்; மேலும் கீழும் கனல, உள்ளே தன் சாற்றிலேயே அது மெல்ல வேகும். மணிக்கணக்கில் ஆகும் காரியமாதலால் காலையிலேயே, சில இடங்களில் முந்திய நாளே, சொல்லிவைக்க வேண்டும். பசித்தபின் போய்க் கேட்பவருக்குப் பொரித்த மீன் கிடைக்கும். அதுவும் நன்றாகத்தான் இருக்கும்.

பிரயாணத்தில் தலைமை யாருக்கு என்ற சிக்கலான வினாவுக்கு விடைதேட நாம் வெகுதூரம் போக வேண்டுவதில்லை. இன்று டுப்ரோவ்னிக் என்று வழங்கும் ரகூஸாவைத் தலைநகராகக் கொண்டு பல நூற்றாண்டுகள் நிலவிய குடியரசில், அரசின் தலைவராகிய ரெக்டர் ஒரே ஒரு மாதமே பதவி வகிப்பார். அந்த மாதம் முழுவதும் அரண்மனையிலேயே தங்க வேண்டும். ராஜாங்க காரியம் அல்லாமல் வெளியே போகலாகாது. அதிகாரத்தின் ருசி நாக்கில் ஏறுவதற்குள் அவர் வீட்டுக்குப் போய்விடுவார். இம்முறையைச் சுருக்கி, தலைமையை நாளுக்கு ஒருவராக மாற்றிக்கொள்வது தம்பதிகளுக்கு உத்தமம். இன்றைய தலைவர் வழியையும் உணவையும் தீர்மானிப்பார். மற்றவர் குறை கூறும் உரிமையைச் சூரியன் அஸ்தமிக்கும் வரை ஒத்திவைப்பார். காற்றையும் கவனித்துக்கொள்ளல் நலம். வடகிழக்கிலிருந்து மலையைத் தாண்டி விழும் பூரா என்ற குளிர்க்காற்று, மாஸ்லெனிட்சா, கிர்க் முதலிய இடங்களின் பாலங்களைச் சில வேளை அடைக்கச் செய்துவிடும். தெற்கிலிருந்து ஈரத்தோடு வரும் யூகோக் காற்று மனத்தையே மந்தமாக்கி எரிச்சலூட்டும் என்பது அக்கரையோர் நம்பிக்கை. யூகோ வீசும் நாட்களில் ரகூஸாவின் சபை முக்கியமான தீர்மானம் எதையும் செய்யாது என்றும் சொல்லிவருகின்றனர். சபையோருக்கே அந்த விவேகம் இருந்தபோது, ஹோட்டல் அறையில் இருவர் மட்டும் கூடிய சபைக்கு அது வேண்டாமா?

பிரயாணத்தைத் தலைநகர் ஸாக்ரெபில் தொடங்குவோர் எதிர்கொள்ளும் சங்கடம் ஒன்று உண்டு. அந்நகரின் மேட்டுப்பகுதியில் முறிந்த உறவுகளின் அருங்காட்சியகம் என்ற ஒரு நிறுவனம் இருக்கிறது. காதலித்துப் பிரிந்த கலைத்துறையினர் இருவர், தமக்குள் எஞ்சிய பொருள்களை என்ன செய்வது என்று யோசித்ததில் பிறந்தது. 2006இல் காட்சியாகத் தொடங்கி 2010இல் நிலையான இடம் பெற்றது. உலகெங்கும் இருந்து பிரிந்தோர் அனுப்பிய பொருள்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதன் கதை. பெர்லினிலிருந்து வந்த ஒரு கோடரி அவற்றுள் பிரசித்தம்: விட்டுப்போன துணையின் மரச்சாமான்களை, நாளுக்கு ஒன்றாக, அதைக்கொண்டு ஒருவர் பிளந்து தீர்த்தாராம். இதனைத் திட்டத்தில் எவ்விடத்தில் வைப்பது? தொடக்கத்தில் வைத்தால் அச்சமூட்டும் உபதேசமாகப் பயன்படும் என்பது பூர்வபட்சம். இறுதியில் வைப்பதே தகும் என்பது சித்தாந்தம். ஏனெனில் அங்கே நன்கொடையாகப் பொருள்களை ஏற்றுக்கொள்கிறார்கள், திரும்பி வரும்போதுதான் கையில் ஏதேனும் இருக்கும்.

இனி இந்தச் சாஸ்திரத்தின் மையக் கருத்துக்கு வருகிறேன். தேசப்படத்தில் கரையோரமாக விரலை வைத்துத் தெற்கே இழுத்துக்கொண்டு போனால், டுப்ரோவ்னிக்கை எட்டுமுன் ஓரிடத்தில் குரோவேஷியா திடீரென்று அறுந்து, ஏறத்தாழ இருபது கிலோமீட்டர்க் கரை பாஸ்னியா ஹெர்ஸிகோவினாவுக்குச் சொந்தமாகி, பிறகு மறுபடியும் குரோவேஷியா தொடங்கும். அத்துண்டுக்கு நேயூம் என்று பெயர். அச்சுப்பிழை போல் தோன்றும் இது ஆழ்ந்த ராஜதந்திரத்தின் விளைவு. 1699ஆம் ஆண்டு கார்லோவிட்ஸ் உடன்படிக்கையின்போது, தன் நிலத்தை ஒட்டி வெனிஸ் வந்து உட்கார்ந்துவிடுமோ என்று அஞ்சிய ரகூஸா, தன் வடவெல்லையில் நேயூமையும் தென்கோடியில் சுதோரினாவையும் துருக்கியர் கையில் விட்டுக்கொடுத்தது. நமக்கும் வேண்டாம், அவனுக்கும் வேண்டாம், மூன்றாமவனிடம் கிடக்கட்டும் என்பதே அதன் தாத்பரியம். குடியரசை 1808இல் பிரெஞ்சுக்காரர் ஒழித்துவிட்டனர். அந்தத் துண்டு நிலம் மாத்திரம் மூன்று நூற்றாண்டு கடந்தும் ஒரு நாட்டை இரண்டாகப் பிரித்துக்கொண்டு நிற்கிறது.

இதிலிருந்து நான் பெறுவது நேயூம் நியாயம். தொகையினரின் பட்டியலும் இருப்பினரின் பட்டியலும் நேருக்கு நேர் தொட்டுக்கொண்டிருக்கும் திட்டம் நிலைக்காது. தொடுமிடத்தில் எல்லைத் தகராறு நிச்சயம். எனவே இரண்டுக்கும் இடையில், அவளுடைய ஊரும் எழுதாமல், அவனுடைய கடற்கரையும் எழுதாமல், தங்குமிடம்கூட முன்பதிவு செய்யாமல், வெறுமனே ஒரு நாளைப் பிறருக்கு விட்டதாகப் பாவித்து விட்டுவிடுதல் வேண்டும். ரகூஸா இரு துண்டுகள் கொடுத்ததைப் பின்பற்றி, நீண்ட பிரயாணமாயின் வடக்கே ஒன்றும் தெற்கே ஒன்றுமாக இரண்டு நாள் விடுதல் விசேஷம். அந்நாளை உடனே நிரப்பிவிட வேண்டும் என்ற அவா இருவருக்கும் எழும், அதற்கு இணங்கலாகாது.

இந்த நியாயத்தை வண்டிக்கும் பொருத்திவிட வேண்டாம் என்று வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். 2023 ஜனவரி முதல் குரோவேஷியா ஷெங்கன் வட்டத்துக்குள் வந்துவிட்டது; பாஸ்னியா வெளியே இருக்கிறது. ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசாவோடு நேயூம் வழியே போய்விட்டால் திரும்ப உள்ளே வருவது பெரும் சிக்கல். வாடகை வண்டியின் காப்புறுதி அங்கே செல்லுமா என்பதையும் முன்னரே கேட்க வேண்டும். இத்தொல்லைகளைத் தவிர்க்கவே பெருநிலத்திலிருந்து பெல்யெஷாட்ஸுக்குக் கடலின் மேலாக 2,404 மீட்டர் நீளமுள்ள பாலம் கட்டி 2022 ஜூலை 26 அன்று திறந்தார்கள். அதன் வழியாகவே செல்க, சுங்கம் கிடையாது.