டத்தோவுக்கு ஒரு ஸ்ரீ

வா பேராண்டி, உக்காரு. திருவிழா பேனரப் பாத்தேன். பிரமாதம். 'வணக்கம்'னு இருக்க வேண்டிய எடத்துல டி, இசட், எஃப்னு ஆரம்பிச்சு, நடுவுல ஒரு அரைப்புள்ளி, கடைசியில இன்னொரு அரைப்புள்ளி. நம்ம மாரியாத்தா இங்கிலீஷ் கிளாசுக்குப் போறாளாக்கும்னு ரிங்லெட் ஊரு பூரா பேச்சு. இத்தன வருசத் திருவிழாவுல ஒரு பேனர ஜனங்க நின்னு இவ்வளவு நேரம் படிச்சு நான் பாத்ததே இல்ல. தோட்டத்துல கொழுந்து எடுக்க வந்திருக்கிற வங்காளதேசத்துப் பசங்க மட்டும் ஒண்ணும் சொல்லல. அவங்களுக்குப் போன வருசத்துப் பேனரும் இப்படித்தான் தெரிஞ்சிருக்கும்.

அச்சடிச்ச கடைக்காரரத் திட்டுறியாம். அவரு என்னய்யா பண்ணுவாரு? ஈப்போவுல உக்காந்திருக்கிற சீனத் தவுக்கே. ஃபைலத் தொறந்ததும் கம்ப்யூட்டர் அவர்கிட்ட, "பாமினின்னு ஒரு ஃபாண்ட் கேக்குது, எங்கிட்ட இல்ல, வேற ஒண்ணு போட்டுக்கவா?"ன்னு மரியாதையா கேட்டிருக்கு. அவரு ஓகே அமுக்கிட்டாரு. பாமினி யாரு, நம்ம பங்காளியா சம்பந்தியான்னு அவருக்கு எப்படித் தெரியும்?

நீ அனுப்புன ஃபைலுக்குள்ள எழுத்தோட உருவம் இல்ல, சாமி. எழுத்துருவோட பேரு மட்டுந்தான் இருக்கு. பந்தியில எலையப் போட்டு, அதுல 'சோறு'ன்னு எழுதி வச்சிட்டு, சாப்பிட வாங்கன்னு ஊரக் கூப்பிட்ட மாதிரி. உன் லாப்டாப்புல அந்த எழுத்துரு இருக்கு, அதனால உனக்கு அழகாத் தெரியுது. அங்க இல்ல, வேற எதையோ அள்ளிப் போட்டுடுச்சு.

அதுலயும் நீ புடிச்சது பாமினி. அது தமிழுக்குன்னு எடம் ஒதுக்குன ஃபாண்ட் இல்லப்பா. இங்கிலீஷ்காரன் நாற்காலியில நம்ம எழுத்த உக்கார வச்ச வேல. 'தமிழ்'னு நீ அடிச்சா, உள்ள பதியறது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. பாமினி இருக்கிற வரைக்கும் மேக்கப் போட்டு நிக்கும். அது இல்லாத மிசினுக்குப் போனா, நாற்காலிக்குச் சொந்தக்காரன் எந்திரிச்சு வந்துடுவான். அந்தக் காலத்துல ஃபாண்ட் செஞ்ச ஒவ்வொரு மவராசனும் ஒவ்வொரு மாதிரி உக்கார வச்சான். டிஸ்கின்னான், டாபுன்னான், டாமுன்னான். டாபும் டாமும் 1999ல சென்னையில நடந்த தமிழ் இணைய மாநாட்டுக்கப்புறம் வந்தது. பஞ்சாயத்து முடிஞ்சு தமிழ்நாட்டு சர்க்காரு யுனிகோடுதான்னு ஆணை போட 2010 ஆயிடுச்சு. யுனிகோடுல தமிழ் ஏறுனதென்னவோ 1991லயே. விண்டோஸ் 2000லயே லதான்னு ஒரு தமிழ் எழுத்துரு கூடவே வந்துச்சு. நீ பொறந்ததே அதுக்கப்புறந்தான். தாத்தன் சொத்து ஒண்ணும் சேத்து வைக்கலேன்னு அலுத்துக்குவியே, பாமினி மட்டும் எந்தப் பாட்டன் எழுதி வச்சான்?

இதுல வேடிக்க என்னான்னா, முரசு அஞ்சல்ங்கிற தமிழ் மென்பொருளச் செஞ்ச முத்து நெடுமாறன் நம்ம நாட்டுக்காரரு. ஆப்பிள் மிசின்ல 'தமிழ் சங்கம் எம்.என்.'னு ஒரு எழுத்துரு இருக்கு பாரு, அந்த எம்.என். அவரு பேருதான். மலேசியாக்காரரு வடிச்ச எழுத்து உலகம் பூரா ஐபோன்ல போயி ஒக்காந்திருக்கு. தாப்பா ரோட்டு வளைவுல இறங்கி ஈப்போ வரைக்கும் போறதுக்குள்ள உன் எழுத்துக்கு மட்டும் மயக்கம் வந்துடுது.

யுனிகோடுக்கு மாறிட்டேன்னு ஒடனே காலரத் தூக்காத. எழுத்துருவே இல்லாத மிசின்ல அதுவும் கட்டங் கட்டமாத்தான் நிக்கும். எழுத்துரு இருந்தும் இன்டிசைன்ல 'வேர்ல்ட் ரெடி கம்போசர' எடுத்து விடலேன்னா, 'கோயில்'ல கொம்பு முன்னால வராம ககரத்துக்குப் பின்னால போயி ஒளிஞ்சுக்கும். பின்ன வரிக்கு வரி ரோஸ் கலர் அடிச்சுக் காட்டுதே, அது அலங்காரம் இல்லய்யா. 'எழுத்துரு காணோம்'னு மிசின் போடுற கூப்பாடு. நீ என்னடான்னா கலர் நல்லா இருக்குன்னு விட்டுட்ட.

வேல என்ன பெருசா? இன்டிசைன்னா 'பேக்கேஜ்' குடு, படம், எழுத்துரு எல்லாத்தையும் ஒரே ஃபோல்டர்ல மூட்டை கட்டிக் குடுக்கும். ஆனா காசு குடுத்து வாங்குன எழுத்துருன்னா அப்படி அடுத்தவனுக்குக் குடுக்க உரிமம் இருக்கான்னு பாத்துக்க. நோட்டோ, மீரா இனிமை, பாலூ தம்பின்னு ஓசியிலயே அனுமதியோட கெடைக்கிது. உன் முகத்துக்குப் பாலூ தம்பி பொருத்தமா இருக்கும். அதவிடச் சுளுவு, எழுத்துருவ உள்ளயே பதிச்சு பிடிஎஃப் ஆக்கி அனுப்பு. ஆக்குனதும் அதோட ப்ராப்பர்ட்டீஸ்ல ஃபாண்ட் பட்டியலத் தொறந்து, ஒவ்வொரு பேருக்கும் பக்கத்துல பதிஞ்சிருக்குன்னு போட்டிருக்கான்னு கண்ணால பாரு. உன் மிசின்ல பாத்துட்டு நல்லா இருக்குன்னு சொல்லாத, அந்த எழுத்துரு இல்லாத உங்க அத்தை போன்ல தொறந்து பாரு.

அவுட்லைன் ஆக்கிட்டா தொல்லையே இல்லங்கிறியா? நெசந்தான். இல்லஸ்ட்ரேட்டர்ல கண்ட்ரோல் ஷிப்ட் ஓ, கோரல்ல கண்ட்ரோல் க்யூ. எழுத்து படமாயிடும், எந்த மிசினுக்குப் போனாலும் அசையாது. நீ நெனைச்சாலும் அசையாது, அதுதான் சங்கதி. நம்ம கோயில் தலைவரு டத்தோ இருக்காரே, அவரு படத்துக்குக் கீழ பேரப் போட்டு, அவுட்லைன் ஆக்கி, மூலத்த அழிச்சிட்டு நிம்மதியாத் தூங்குற. விடிஞ்சா சுல்தான் பொறந்தநாள் விருதுப் பட்டியல். அவரு டத்தோ ஸ்ரீ. இப்ப ஸ்ரீய எங்க சொருகுவ? அதனால எழுத்து எழுத்தாவே இருக்கிற ஃபைல் ஒண்ணு கையில, அவுட்லைன் ஆக்குனது இன்னொண்ணு கடைக்கு.

அந்த ஸ்ரீயிலயும் ஒரு குசும்பு இருக்கு. யுனிகோடுல அத ரெண்டு விதமா அடிக்கலாம். ஸகரத்துல ஆரம்பிக்கிறது பழைய வழி. 2005ல சேத்த ஶகரத்துல ஆரம்பிக்கிறது இன்னொரு வழி. அந்த ஶகரம் இல்லாத பழைய எழுத்துருவா இருந்தா டத்தோவுக்குப் பக்கத்துல ஒரு காலிக் கட்டம் நிக்கும். மனுசன் வாழ்நாள் பூரா அலைஞ்சு வாங்குன பட்டம், நீ அதுக்குக் கட்டம் போட்டுக் குடுத்தா அன்னதானத்துக்கு வர்ற காசும் கட்டத்துக்குள்ள போயிடும்.

போன் அடிக்குது பாரு. டத்தோவாத்தான் இருக்கும். எடுத்து மொதல்ல, "வணக்கம், டத்தோ ஸ்ரீ"ன்னு சொல்லு. வாயில சொல்றதுக்கு எந்த ஃபாண்ட்டும் வேணாம்.