கொசுறுக்கு 72 வாட்

கத்தரிக்காய் வாங்கினால் கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் கொசுறாக வரும். அதைப் பையில் போட்டுக்கொண்டு பேசாமல் வீடு திரும்புகிறவன் சாமானியன். நான் பள்ளிக்கூடத்தில் ஓம் விதியை மனப்பாடம் செய்தவன்; கொத்தமல்லியை வீட்டுக்குள்ளேயே வளர்க்கப் புறப்பட்டேன். எங்கள் சமையலறைக்கு வடக்குப் பார்த்த ஜன்னல். வெயில் எட்டிக்கூடப் பார்க்காது. பார்க்காவிட்டால் என்ன, சென்னையில் ரிச்சி தெரு இருக்கிறதே!

அங்கே எல்.ஈ.டி. ஸ்ட்ரிப் கேட்டால், “கொலுவுக்கா சார், ஃபால்ஸ் சீலிங்குக்கா?” என்பார்கள். “கொத்தமல்லிக்கு” என்றேன். கடைப்பையன் பார்த்த பார்வையை மரியாதை என்றே எடுத்துக்கொண்டேன். பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் அதிகம் உறிஞ்சும் என்பதால் செடிக்கென்று ஊதா ஸ்ட்ரிப்பும் விற்கிறார்கள். ஆனால் ஊதா வெளிச்சத்தில் இலை கறுப்பாகத் தெரியும். வளர்கிறதா வாடுகிறதா என்று கண்டுபிடிக்க முடியாது. எதிர்வீட்டுக்காரர்கள் நம்மைப் பற்றி என்ன கண்டுபிடிப்பார்கள் என்பது தனிக்கதை. வெள்ளை எல்.ஈ.டி.க்குள் இருப்பதும் நீல எல்.ஈ.டி.தான், மேலே மஞ்சள் பாஸ்பர் பூச்சு, அவ்வளவுதான். அந்த நீலத்துக்காக அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் கொடுத்தார்கள். என் தொட்டி அவர்கள் மனதில் இருந்திருக்காது. வெள்ளையே வாங்கினேன்.

5 மீட்டர் சுருள், 300 விளக்கு, 12 வோல்ட், மீட்டருக்கு 14.4 வாட். பெருக்கினால் 72 வாட். அதை 12-ஆல் வகுத்தால் 6 ஆம்பியர். குடும்பத் தலைவர்கள் பெருக்குவதோடு நின்றுவிடுகிறார்கள். வீட்டு ரௌட்டர் அடாப்டரிலும் 12 வோல்ட் என்றுதான் அச்சடித்திருக்கும். பெயர்ப் பொருத்தம் மட்டும் பார்த்துக் கல்யாணத்தை முடித்துவிடலாம் போலத் தோன்றும். அது தருவதோ ஒரு ஆம்பியர், மிஞ்சினால் இரண்டு. அதைப் பிடுங்கக் கை நீட்டிய என்னைத் தடுத்தது மின்னியல் அறிவு அல்ல, ஆன்லைன் வகுப்பில் இருந்த மகள். “அப்பா, தொட்டீங்கன்னா அவ்வளவுதான்!” 230 வோல்ட்டை 12 ஆக்கும் 10 ஆம்பியர் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி வாங்கினேன். 6 தேவை என்றால் 6-க்கே வாங்கி அதை மூச்சு முட்ட வைக்கக் கூடாது.

ஸ்ட்ரிப்பை நினைத்த இடத்தில் வெட்டவும் முடியாது. மும்மூன்று விளக்காக, கூடவே ஒரு ரெசிஸ்டரோடு, தொடராக இணைத்திருப்பார்கள். மூன்று விளக்குக்கு ஒருமுறை வரும் கோட்டில்தான் கத்தரி வைக்கவேண்டும். முழு 5 மீட்டரையும் ஒரே முனையிலிருந்து ஓட்டினால் மெல்லிய செம்பிலேயே வோல்ட் கரைந்து, மறுமுனை மங்கும். ஆகவே மீட்டர் மீட்டராக நறுக்கி, பிளஸ்ஸெல்லாம் ஒரு பக்கம், மைனஸெல்லாம் ஒரு பக்கம் என்று இணையாகச் சேர்த்து, அலுமினியச் சேனலில் ஒட்டினேன். சூடும் தணியும், சென்னை மே மாதத்துப் புழுக்கத்தில் பசை கழன்று தலையில் விழவும் செய்யாது.

இந்த நேரம் பார்த்து, மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற மாமனார் உள்ளே வந்தார்.

“மாப்பிள்ளே, எர்த் எங்கே?”

“12 வோல்ட்தானே மாமா.”

“பெட்டிக்கு அந்தப் பக்கம் 12. இந்தப் பக்கம் 230. நடுவுல இரும்பு ஸ்டாண்டு, கீழே தண்ணி. நீங்க எந்தப் பக்கம் நிக்கப் போறீங்க?”

அதன் பிறகு வேலை முழுவதும் அவருடையது. டார்ச் பிடிக்கும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டது. நன்றாகவே பிடித்தேன்.

விளக்கை உயரத்தில் தொங்கவிட்டால் நாற்று வெளிச்சம் தேடி நூலாக நீண்டு சாயும். ஒரு சாண் உயரத்துக்கு இறக்கிக் கட்டியதும் நிமிர்ந்து நின்றது. தினமும் 14 மணி நேரம் எரித்தால் ஏறக்குறைய ஒரு யூனிட். இரண்டு மாத பில்லில் 60. தமிழ்நாட்டு வீடுகளுக்கு அரசு தரும் 100 இலவச யூனிட்டில் 60-ஐக் கொத்தமல்லியே தின்றுவிட்டது. மொத்தம் 500-ஐத் தாண்டினால் கட்டணத் தட்டே மாறிவிடும். கணக்கைக் கேட்ட மனைவி அறுவடையைக் கையில் வாங்கி, “ஏங்க, இதை ரசத்துல போடலாமா, இல்ல லாக்கர்ல வைக்கணுமா?” என்றாள். ரசத்தில்தான் போட்டோம். எல்லோரும் வாசனையைப் பற்றிப் பேசினார்கள், நான் பேச்சை அந்தப் பக்கம் திருப்பியதால்.

கீரை, புதினா, கொத்தமல்லிக்கு இந்த வெளிச்சம் போதும். தக்காளி, மிளகாய் காய்க்கவேண்டும் என்றால் போதாது. மொட்டை மாடிக்குப் போங்கள். வீட்டுக்குள்தான் கட்டுவேன் என்கிறவர்கள் 12 வோல்ட் பக்கத்தைத் தாங்கள் வைத்துக்கொண்டு, 230 வோல்ட் பக்கத்தை, எர்த்தோடு சேர்த்து, எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். மின்வாரியத்து மாமனார் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.